ராட்டினத்தில் தப்பான ஜன்னல்

இர்பான் ஜோக் அடிப்பதை நிறுத்தி இரண்டு நாள் ஆகியிருந்தது. போபோடி சிக்னலில் கார் நின்றபோது, பக்கத்து ஸ்கூட்டரின் பின்சீட்டில் ஒருவன் ஆளுயர பிளாஸ்டிக் ஒட்டகத்தைக் கட்டிப்பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். மற்ற நாளாக இருந்தால் இர்பான் அந்த ஒட்டகத்துக்குப் பெயர் வைத்து, ஹெல்மெட் எங்கே என்று விசாரித்து, டிராபிக் போலீஸ்காரரிடம் மாட்டியும் விட்டிருப்பான். இன்று ஒரு தடவை பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டான்.

ஸ்டியரிங்கில் இருந்த ப்ரியம்வதா அதைக் கவனித்தார். வங்கியின் விஜிலென்ஸ் பிரிவில் பல வருஷம் கள்ளக் கையெழுத்துகளைப் பிடித்துவிட்டு, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, வானவடியில் தன் பிளாட்டின் முன்னறையில் துப்பறியும் அலுவலகம் திறந்தவர். அந்த அலுவலகத்தின் கேமரா, கால், வாய் மூன்றும் இர்பான்தான்.

"சாப்பிட்டியா?"

"பசிக்கல மேடம்."

"நேத்தும் இதேதான் சொன்ன. நீ பட்டினி கிடந்தா அந்தப் பொண்ணு எழுந்து உட்காரப் போறதில்ல."

அந்தப் பெண்ணின் பெயர் ராஜி. மூன்று வாரமாக அவளைப் பின்தொடர்ந்தவன் அவன்.

ஜெகதீசன் என்று ஒருவர் அலுவலகத்துக்கு வந்ததில்தான் எல்லாம் ஆரம்பித்தது. இஸ்திரி கலையாத சட்டை, மெல்லிய குரல். மனைவி ராஜி சாங்வியில் ஒரு கண் டாக்டரிடம் வேலை பார்க்கிறாள், புதன்கிழமை அவளுக்கு அரைநாள் லீவு, அந்த அரைநாளில் ஹிஞ்சவடி ரோட்டில் இருக்கும் 'ககன் சக்ரா' ஜெயன்ட் வீலுக்குப் போகிறாள் என்றார். "அங்க அவ ஸ்கூட்டி நிக்கிறதைப் பார்த்தேங்க. யார்கூட போறான்னுதான் தெரியல. நான் போனா என்னைக் கண்டுபிடிச்சிருவா. ஒரே ஒரு போட்டோ எடுத்துக் குடுங்க, போதும்." சொல்லும்போது கண் கலங்கியது.

இர்பான் எடுத்துக் கொடுத்தான். போன புதன்கிழமை, அடுத்த கூண்டில் ஒரு காலேஜ் கும்பலோடு ஏறி உட்கார்ந்து, கண்ணாடி வழியாக. ராஜியும் ஒரு ஆளும் ஜன்னலோரம் தலையோடு தலை ஒட்டி நிற்க, அந்த ஆள் வெளியே எதையோ விரல் நீட்டிக் காட்டிக்கொண்டிருக்கும் படம். "லைட்டிங்கைப் பாருங்க மேடம், கல்யாண ஆல்பம் மாதிரி வந்திருக்கு" என்று பெருமை அடித்துக்கொண்டான்.

திங்கட்கிழமை ராத்திரி, ஐ.சி.யூ. நர்ஸாக இருக்கும் அவன் தங்கை ஷபானா டூட்டி முடிந்து வந்து சாப்பிடும்போது சொன்னாள்: "சாங்வி பாலத்துக்கிட்ட ஒரு பொண்ணை கார்காரன் அடிச்சுப் போட்டுட்டு நிக்காமப் போயிட்டான்ணே. நம்ம தமிழ்ப் பொண்ணுதான், பேரு ராஜி. தலையில அடி. கண்ணே திறக்கல. பாவம், ஹாஸ்டல் வார்டனைத் தவிர ஒருத்தரும் எட்டிப் பார்க்கல."

"ஹாஸ்டலா? அவளுக்கு வீட்டுக்காரர் இருக்காரே."

"கல்யாணமே ஆகலயாம்."

அப்போது வாயில் வைத்த சப்பாத்திதான் அவன் கடைசியாகச் சாப்பிட்டது.

மறுநாள் ப்ரியம்வதா, ஜெகதீசன் கொடுத்த விலாசத்துக்குப் போனார். அந்தக் கட்டடத்தில் அப்படி ஒரு பிளாட்டே இல்லை. போலீஸ் சௌக்கியில் இருந்த பெண் சப் இன்ஸ்பெக்டர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அந்த ஆள் யாரு, எங்க இருக்கான்னு ஏதாவது கொண்டு வாங்க, மிச்சத்தை நான் பார்த்துக்கறேன்" என்றார்.

"போனைப் போட்டு அவனையே கேட்டுட்டா என்ன மேடம்?"

"கேட்டா, நமக்குத் தெரிஞ்சு போச்சுன்னு அவனுக்குத் தெரிஞ்சிடும். அவன்கிட்ட நமக்கு இருக்கிற ஒரே கயிறு அந்த நம்பர்தான். அதை இழுத்து அறுக்கக் கூடாது. முதல்ல ராஜி அங்க என்ன பண்ணிட்டு இருந்தான்னு பார்ப்போம்."

அதற்காகத்தான் இந்தப் பயணம்.

மதிய வெயிலில் ககன் சக்ரா ஆளில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது. வாகட் பாலம் தாண்டியதுமே தெரியும் அந்த ராட்சத ராட்டினத்தில், கண்ணாடிக் கூண்டுகள் நகர்வது கண்ணுக்கே தெரியாத வேகத்தில் நகர்ந்தன.

ப்ரியம்வதா நேராக டிக்கெட் ஜன்னலுக்குப் போய் ஒற்றை விரலைக் காட்டினார்.

"ஏன் மேடம் ஒண்ணு? நான் வரலயா?"

"சும்மா இரு."

உள்ளே இருந்த பெண் தலையை ஆட்டினாள். ஒருத்தருக்கு டிக்கெட் கிடையாது, கூண்டுக்குக் குறைந்தது இரண்டு பேர் வேண்டும், பாதுகாப்பு விதி என்று இந்தியில் சொன்னாள்.

"தனியா வந்தவங்க என்ன பண்றது?"

"எங்க ஆள் ஒருத்தர் கூட ஏறுவார்."

ப்ரியம்வதா திரும்பி இர்பானைப் பார்த்தார். அவன் போனை வாங்கி, அந்தப் படத்தைத் திறந்து, ஆணின் கழுத்தைப் பெரிதாக்கினார்.

"இது என்ன?"

"செயின் மேடம்."

"செயினோட நுனியில?"

இர்பான் குனிந்து பார்த்தான். கறுப்புக் கயிறு. நுனியில் சட்டைக்குள் பாதி மறைந்து, ஒரு விசில்.

"விசிலை மாட்டிக்கிட்டு எந்த லவ்வர் வருவான் இர்பான்?"

மூன்று வாரம் பின்தொடர்ந்து, கல்யாண ஆல்பம் மாதிரி ஒரு படம் எடுத்து, அதில் அவன் பிடித்துக் கொடுத்தது ராட்டினத்தின் கூலிக்காரனை. காது மடல் வரைக்கும் சூடேறியது அவனுக்கு.

படத்தில் இருந்த ஆள் மேடையிலேயே நின்றான். தேஜஸ் என்று பெயர், முப்பதை நெருங்கும் வயது. ராஜியின் படத்தைக் காட்டியதும் முகம் மலர்ந்தது. "ராஜி தீதி! இன்னிக்கு ஏன் வரல? புதன்கிழமை ஆச்சே" என்றான் இந்தியில், சொந்த அக்காவைக் கூப்பிடுகிற உரிமையோடு.

இர்பான் தரையைப் பார்த்தான். ப்ரியம்வதாதான் சொன்னார். தேஜஸின் முகத்தில் இருந்த வெளிச்சம் அப்படியே அணைந்தது. ஓடிப் போய்த் தன் லாக்கரிலிருந்து ஒரு சின்ன பைனாக்குலரை எடுத்து வந்தான்.

"இதை என்கிட்டதான் விட்டுட்டுப் போவாங்க. ஏறுங்க, காட்டுறேன்."

மூவரும் ஏறினார்கள். கதவு வெளியிலிருந்து பூட்டிக்கொண்டது. கூண்டு மெதுவாக மேலே கிளம்பியது.

ஒரு பக்க ஜன்னலில் பவனா ஆறு, ஹிஞ்சவடியின் கண்ணாடிக் கட்டடங்கள், அதற்குப் பின்னால் மழைக்குப் பச்சை கட்டிய குன்றுகள் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. இன்னொரு பக்கத்தில் குடோன் கூரை, தண்ணீர் லாரிகள், காலி மனைகள். அந்த ஜன்னலுக்கு யாரும் சண்டை போட மாட்டார்கள்.

"தீதி எங்க உட்காருவாங்க?" என்று ப்ரியம்வதா கேட்டார்.

தேஜஸ் குடோன் பக்கத்தைக் காட்டினான். "எப்பவும் இங்கதான். நானும் முதல்ல சொன்னேன், தீதி, தப்பான ஜன்னல்ல உட்கார்ந்துட்டீங்க, வியூ அந்தப் பக்கம்னு. சிரிச்சாங்க."

"ஊரே அந்தப் பக்கம் பார்க்குது. ஒருத்தி மட்டும் இந்தப் பக்கம் பார்த்தா, அவ ஊரைப் பார்க்க வரல" என்றார் ப்ரியம்வதா. "எதைப் பார்ப்பாங்க?"

"அந்த பங்களா."

காலி மனைகளுக்கு நடுவே தனியாக ஒரு வீடு. ஆளைவிட உயரமான மதில், அதன் மேல் முள்கம்பி. சாலையில் நின்றால் கேட்டைத் தவிர எதுவும் தெரியாது. மொட்டை மாடியில் பெரிய தண்ணீர்த் தொட்டி. அதற்குப் பின்னால் ஒரு துணிக்கொடி இருப்பது, கூண்டு இன்னும் கொஞ்சம் ஏறிய பிறகுதான் தெரியும் என்றான் தேஜஸ்.

"வாரா வாரம் அந்தக் கொடியில ஒரு பச்சைத் துப்பட்டா காயும். தீதி அதைப் பார்ப்பாங்க. நான் கேட்டேன், என்ன இதுன்னு. தங்கச்சிகூட ஒரு பந்தயம்னாங்க. பச்சைன்னா இன்னும் நேரம் வரல. என்னிக்கு சிவப்பு காயுதோ, அன்னிக்கு உனக்கு ஒரு டப்பா பேடான்னாங்க."

"பந்தயம்னு நம்பிட்டியா?"

தேஜஸ் தயங்கினான். "பந்தயத்துக்கு யாரும் அழ மாட்டாங்கன்னு எனக்கும் தோணுச்சு. ஒரு நாள் வற்புறுத்திக் கேட்டப்ப, தங்கச்சியைப் புருஷன் அடிக்கிறான், போனைப் பிடுங்கி வெச்சிருக்கான், அதுக்கு முன்னாடியே இந்தத் துணி அடையாளத்தைப் பேசி வெச்சுட்டோம்னு சொன்னாங்க. ஒரு தடவை போலீசைக் கூட்டிட்டுப் போனாங்களாம். அந்தப் பொண்ணு பயந்துபோய், நான் நல்லாத்தான் இருக்கேன்னு வாசல்லயே சொல்லி அனுப்பிடுச்சாம். அவளாத் துணிஞ்சு வரேன்னு சொல்ற வரைக்கும் நான் பார்த்துக்கிட்டே இருக்கணும் தேஜஸ்னாங்க."

"போன வாரம்?"

"பச்சைதான். ஆனா தங்கச்சியே மாடிக்கு வந்து நின்னுச்சு. தீதி கண்ணு முழுக்கத் தண்ணி, பைனாக்குலர்ல ஒண்ணும் தெரியல. நான்தான், அதோ அங்க நிக்கிறாங்கன்னு விரலைக் காட்டினேன்."

அந்த விரல். அடுத்த கூண்டில் இருந்துகொண்டு, மூச்சைப் பிடித்து, இர்பான் கிளிக் செய்த அந்த விரல். ஜெகதீசன் அந்தப் படத்தை வாங்கியபோது அதில் இருந்த ஆணை ஒரு கணம்தான் பார்த்தார். விரலைத்தான் ரொம்ப நேரம் பார்த்தார். அதுவும் இர்பானுக்கு இப்போதுதான் உறைத்தது. மனைவியை இன்னொருத்தனோடு பார்க்கிற கண் அப்படி ஓரமாகப் போகாது.

கூண்டு உச்சிக்கு வந்தது. தொட்டிக்குப் பின்னால் கொடி தெரிந்தது.

"லால்" என்றான் தேஜஸ். "மேடம், சிவப்பு!"

பைனாக்குலரே தேவையாக இருக்கவில்லை. சாம்பல் நிற மாடியில் ஒரு சிவப்புச் சேலை காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. அதன் பக்கத்தில் ஒரு பெண் வந்து நின்றாள். நெற்றிக்கு மேல் கையை வைத்து ராட்டினத்தையே பார்த்தாள். இர்பானின் கை தானாகப் பாதி உயர்ந்தது. அவள் தேடும் கை தன்னுடையது அல்ல என்று நினைவு வந்ததும் கீழே இறக்கிக்கொண்டான்.

ப்ரியம்வதா பைனாக்குலரில் வெகுநேரம் பார்த்தார். பிறகு தன் போனை எடுத்து, ஜெகதீசன் முதல் நாள் கொடுத்திருந்த கல்யாணப் படத்தைத் திறந்து மடியில் வைத்தார். மாப்பிள்ளைக் கோலத்தில் ஜெகதீசன், பக்கத்தில் பட்டுச் சேலையில் ராஜி.

"இதைப் பார்த்துட்டு நீ அன்னிக்கு என்ன சொன்ன, ஞாபகம் இருக்கா?"

இருந்தது. நன்றாகவே இருந்தது. 'மாப்பிள்ளைக்கு மட்டும்தான் மாலை போட்டிருக்காங்க மேடம், சிக்கனமான குடும்பம்' என்றிருந்தான்.

"மாலை ஒருத்தர் கழுத்துல மட்டும் இருக்குன்னா, இன்னொரு மாலை படத்துக்கு வெளியில இருக்குன்னு அர்த்தம். ராஜியோட தோளைப் பாரு."

சேலை மடிப்புக்கு மேல் மருதாணி வைத்த நாலு விரல். விரலோடு படம் வெட்டப்பட்டிருந்தது.

"கல்யாணப் பொண்ணை வெட்டி எறிஞ்சுட்டு, பக்கத்துல நின்ன அக்காவைப் பொண்டாட்டின்னு காட்டியிருக்கான். அது அவன் வீடு. அங்க நிக்கிறவதான் அவன் பொண்டாட்டி."

"எல்லாம் என் கண் முன்னாடி இருந்துச்சு மேடம்."

"நீ பார்த்துட்ட. பார்த்துட்டு சிரிச்ச. நானும்தான் கூட சிரிச்சேன்." ப்ரியம்வதாவின் குரலில் கோபம் இல்லை. அது இருந்திருந்தால் அவனுக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். "சரி, இப்ப போலீசைக் கூப்பிடறேன். கீழே இறங்க எவ்வளவு நேரம் ஆகும் தேஜஸ்?"

"இது பஸ் இல்ல மேடம். ஒரே வேகம்தான். பத்து நிமிஷம் ஆகும்."

அப்போதுதான் இர்பான் அந்தக் காரைப் பார்த்தான். கூரையில் கறுப்புக் கேரியர் வைத்த வெள்ளைக் கார், மெயின் ரோட்டிலிருந்து பங்களா இருந்த மண் சாலையில் திரும்பியது. அலுவலக வாசலில் அதே காருக்குப் பார்க்கிங் பிடித்துக் கொடுத்தவனே அவன்தான்.

"மேடம், அவன்தான். வீட்டுக்கு வரான்."

மாடியில் இருந்த பெண் காரைக் கவனிக்கவில்லை. இன்னும் ராட்டினத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொடியில் சிவப்பு அப்படியே பறந்தது. படத்திலிருந்த விரல் எதைக் காட்டியது என்று தெரிந்துகொண்டவன், மாடிக்குப் போய்ப் பார்க்காமல் இருக்க மாட்டான். கார் புழுதியைக் கிளப்பிக்கொண்டு கேட்டை நெருங்கியது. ஊரே தெரிகிற உயரத்தில் பூட்டிய கூண்டுக்குள் மூன்று பேர் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இர்பான் போனை எடுத்தான்.

"என்ன பண்ற?"

"கயித்தை இழுக்கறேன் மேடம்."

ப்ரியம்வதா தடுக்கவில்லை. மணி அடித்தது. இர்பான் கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு நாளாகத் தொலைத்திருந்த குரலைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டான்.

"ஜெகதீசன் சார்! வணக்கம், இர்பான் பேசறேன். எங்க இருக்கீங்க? ஒரு குட் நியூஸ், ஒரு பேட் நியூஸ். எது முதல்ல வேணும்? ... சரி சரி, கோபப்படாதீங்க. அந்தப் போட்டோல இருந்த ஹீரோவைப் பிடிச்சுட்டேன் சார். இங்க வீல்லதான் வேலை. அது குட் நியூஸ். பேட் நியூஸ் என்னன்னா, உங்க வீட்டம்மா அவன்கிட்ட ஏதேதோ சொல்லி வெச்சிருக்காங்க போல. தங்கச்சி, மாடி, துணி அது இதுன்னு உளர்றான். எனக்கு ஒண்ணும் விளங்கல. போலீசுக்குப் போகலாமான்னு என்னையே கேட்கிறான் சார்! நான் டீ வாங்கிக் குடுத்து உட்கார வெச்சிருக்கேன். ரெண்டாவது டீக்கு மேல தாங்காது. நீங்க சட்டுனு வந்தா நல்லது."

கீழே, கேட்டுக்கு நேராக, வெள்ளைக் கார் நின்றிருந்தது. வாட்ச்மேன் கேட்டைத் திறந்துகொண்டிருந்தான்.

"அவனை எங்கயும் விடாதீங்க தம்பி" என்றது அந்த மெல்லிய குரல். "பக்கத்துலதான் இருக்கேன். வந்துட்டேன்."

கார் பின்னால் நகர்ந்து, வளைந்து, வந்த வழியே திரும்பியது. தேஜஸ் விசிலைக் கையில் இறுகப் பிடித்துக்கொண்டு பெருமூச்சு விட்டான். இர்பானின் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. அந்தக் குரலைக் கழற்றி எறிந்துவிட வேண்டும்போல இருந்தது அவனுக்கு. இதே குரலில்தான் மூன்று வாரமும் ஜெகதீசனுக்குத் தகவல் சொன்னான்.

ப்ரியம்வதா அதற்குள் சப் இன்ஸ்பெக்டரிடம் பேசிக்கொண்டிருந்தார். "யாரு, எங்க இருக்கான்னு கேட்டீங்களே மேடம். இப்ப ரெண்டும் தெரியும். மேலேர்ந்து பார்த்துட்டுதான் பேசறேன்."

கூண்டு தரையைத் தொட்டதும் அவர் இறங்கிக் காருக்கு ஓடினார். ஓடும்போதே திரும்பி, "அவனை எவ்வளவு நேரம் பிடிச்சு வெக்க முடியும்?" என்று கேட்டார்.

இர்பான் தேஜஸைப் பார்த்தான். தேஜஸ் அண்ணாந்து ராட்டினத்தைப் பார்த்தான்.

"எவ்வளவு நேரம் வேணும்?" என்றான் தேஜஸ்.

ப்ரியம்வதாவின் கார் வெளியேறிய கொஞ்ச நேரத்தில் வெள்ளைக் கார் உள்ளே வந்தது. இடது பக்க ஹெட்லைட் இருந்த இடத்தில் வெறும் குழி. பம்பரில் பழுப்பு டேப் ஒட்டியிருந்தது. இர்பானின் கண் அங்கே போய் ஒட்டிக்கொண்டது. கஷ்டப்பட்டுப் பிய்த்து எடுத்து, சிரித்த முகத்தோடு முன்னால் போனான்.

"எங்க அவன்?" என்றார் ஜெகதீசன்.

"கீழ மேனேஜர் சுத்திக்கிட்டு இருக்கார் சார், பேச மாட்டேங்கறான். கூண்டுக்குள்ள வெச்சு தனியாப் பேசலாம்னான். வாங்க, ஏறுங்க."

ஜெகதீசன் சுற்றிலும் பார்த்துவிட்டு ஏறினார். இர்பானும் ஏறினான். கதவு மூடி, பூட்டு விழுந்தது. கூண்டு தரையை விட்டு எழும்பியது.

"அவன் எங்கடா?"

"இப்ப கதவை வெளியே பூட்டினானே சார், அவன்தான்."

ஜெகதீசனுக்குப் புரியச் சில நொடி பிடித்தது. கதவுக்குத் தாவினார். உள்பக்கம் கைப்பிடி கிடையாது. இர்பானின் காலரைப் பிடித்து உலுக்கினார். கூண்டு ஊசலாடியது. கீழே தெரிந்த வெறும் வெளி அவரையே பயமுறுத்தியிருக்க வேண்டும். கையை எடுத்துவிட்டு, இருக்கையின் விளிம்பைப் பற்றிக்கொண்டு உட்கார்ந்தார்.

உச்சியில் ராட்டினம் நின்றது.

"தப்பான பக்கம் உட்கார்ந்திருக்கீங்க சார். இந்த ஜன்னலுக்கு வாங்க" என்றான் இர்பான்.

வர வேண்டியிருக்கவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே தெரிந்தது. கேட் முன்னால் போலீஸ் ஜீப். அதற்குப் பின்னால் ப்ரியம்வதாவின் பழைய கார். வாட்ச்மேன் ஒதுங்கி நிற்க, காக்கிப் புடவையில் ஒரு உருவம் உள்ளே போனது. மாடியில் இருந்த பெண் கைப்பிடிச் சுவர் வரை ஓடி வந்து எட்டிப் பார்த்தாள். பிறகு மாடியில் யாரும் இல்லை. கொஞ்ச நேரத்தில் கேட் வழியாக இரண்டு பெண்கள் வெளியே வந்தார்கள். ஒருத்தி இன்னொருத்தியின் தோளை அணைத்திருந்தாள். ப்ரியம்வதா காரின் பின்கதவைத் திறந்துவிட்டார்.

ஜெகதீசன் எல்லாவற்றையும் பார்த்தார். அந்த மெல்லிய குரல் மாறவே இல்லை. "என் வீட்டு விஷயம். உனக்கென்ன வந்துச்சு?"

"ஹெட்லைட்டை எங்க விட்டீங்க சார்? சாங்வி பாலத்துலயா?"

ஜெகதீசன் அவனை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சிரித்தார்.

"எனக்கு அவ எங்க போறா, எதுக்குப் போறா, ஒண்ணும் தெரியாது தம்பி. வாரா வாரம் பின்னாடியே போனது நீ. படம் எடுத்தது நீ. எந்த வழியா வருவா, எப்ப வருவான்னு மெசேஜ் அனுப்பினது நீ. நான் என்ன பண்ணினேன்னு நிரூபிக்க போலீசுக்கு நாளாகும். நீ பண்ணினது எல்லாம் என் போன்லயே இருக்கு."

ராட்டினம் மறுபடி நகர்ந்து கீழே இறங்கத் தொடங்கியது.

"அந்த போன் போலீஸ் கைக்குப் போகும் சார்" என்றான் இர்பான். "போகட்டும். என் பேரும் வரட்டும்."

மேடையில் சப் இன்ஸ்பெக்டர் காத்திருந்தார். ஜெகதீசனை ஜீப்புக்கு அழைத்துப் போனார்கள். ஒரு கான்ஸ்டபிள் வெள்ளைக் காரின் முன்னால் குந்தி உட்கார்ந்து டேப்பைப் பிரித்துக்கொண்டிருந்தார். ஜீப் கண்ணுக்கு மறைந்த பிறகுதான் ப்ரியம்வதா தன் காரை உள்ளே கொண்டு வந்தார்.

பின்சீட்டிலிருந்து அந்தப் பெண் இறங்கினாள். சரசா என்று பெயர் சொன்னார் ப்ரியம்வதா. ராஜியின் அதே கண். இடது கன்னத்தில் பழைய காயம் ஒன்று மஞ்சளாகியிருந்தது, அதன் மேலேயே புதிது ஒன்று. வெறுங்காலோடு இருந்தாள். சிமெண்டுத் தரையின் சூட்டில் கால் மாற்றி மாற்றி நின்றபடி, ராட்டினத்திலிருந்து இறங்குகிறவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள்.

"அக்கா எங்க?"

ப்ரியம்வதா மூச்சை இழுத்துக்கொண்டு வாயைத் திறந்தார்.

"நான் சொல்றேன் மேடம்" என்றான் இர்பான்.

சரசாவை நிழலுக்கு அழைத்துப் போனான். டிக்கெட் ஜன்னலுக்குப் பக்கத்தில் இருந்த சிமெண்டு பெஞ்சில் உட்காரச் சொன்னான். அவள் உட்காரவில்லை. அவனும் நின்றுகொண்டே சொன்னான். உங்க வீட்டுக்காரர் எங்க ஆபீசுக்கு வந்தார் என்று ஆரம்பித்தான். பின்தொடர்ந்ததைச் சொன்னான், படத்தைச் சொன்னான், அதில் இருந்த விரலைச் சொன்னான், மாலையைப் பார்த்துச் சிரித்ததைச் சொன்னான். எந்த இடத்திலும் 'தெரியாம' என்ற வார்த்தையை அவன் போடவில்லை. பாலத்தை எப்படிச் சொல்வது என்று அவன் திணறியபோது, அவளே அவன் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டாள். வலது கை மெதுவாக உயர்ந்தது. அடிப்பாள் என்று நினைத்து இர்பான் நகராமல் நின்றான். அடித்தால் தேவலை என்றும் இருந்தது.

அவள் அந்தக் கையால் தன் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு கையை எடுத்தாள்.

"உயிரோட இருக்காளா?"

"இருக்காங்க. இன்னும் கண் திறக்கல. என் தங்கச்சி பக்கத்துலயேதான் இருக்கா. மூளையில வீக்கம் குறையுதுன்னு காலையில டாக்டர் சொன்னாராம். நீங்க என்னை..."

"அதெல்லாம் அப்புறம்" என்றாள் சரசா. அவன் கேட்க வந்ததை முடிக்க விடவில்லை. "முதல்ல வண்டியை எடுங்க."

ப்ரியம்வதா சாவியை அவன் பக்கம் வீசினார். இர்பான் அதைப் பிடித்துக்கொண்டு ஓடினான்.